அர்னால்ட் ஊதியது பாரிடோன்

என் தம்பி அர்னால்ட் ஹெய்க், எங்கள் ஊரான ராய்ட்ஷாவின் பித்தளை பேண்டில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பாரிடோன் ஊதினான். யூஃபோனியம் என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய கல்லறைக் கல்லிலும் பதினொரு நாட்கள் யூஃபோனியம்தான் இருந்தது. அதற்குக் காரணம் நான்.

இரண்டும் மடியில் வைத்து ஊதுகிற கருவிகள். இரண்டுக்கும் வாய் மேலே பார்த்து விரிந்திருக்கும். குழலை நீட்டினால் இரண்டும் ஒரே நீளம். ஒரே சுரங்களைத்தான் ஊதும். தெரு ஓரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். யூஃபோனியத்தின் குழல் தொடக்கத்திலிருந்தே தடித்துக்கொண்டே போகும். பாரிடோனின் குழல் வெகுதூரம் ஒரே ஒல்லியாக ஓடி, கடைசியில்தான் விரியும். அவன் காலத்து யூஃபோனியத்துக்கு நான்கு வால்வுகள், நான்காவது பக்கவாட்டில் இடது கைக்கு. பாரிடோனுக்கு மூன்றுதான். யூஃபோனியத்தின் குரல் கனமானது, மேலே மிதந்து வரும், தனி வாசிப்பெல்லாம் அதற்குத்தான். பாரிடோனின் குரல் மெலிந்தது. பேண்டின் நடுவில் இருக்கும் இடைவெளியை அடைப்பது அதன் வேலை. நன்றாக ஊதினால் அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

அர்னால்ட் 1929இல் பிறந்தான். எனக்கு ஐந்து வயது இளையவன். பதினான்கு வயதில் மில்லின் சாயப் பட்டறைக்குப் போனான். நான் அதே மில்லில், மாடியில், துணி திருத்தும் அறையில் இருந்தேன். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணியைச் சாய்வு மேசையில் விரித்து, விட்டுப்போன இழையை விரல் நுனியால் தேடி, ஊசியால் நெய்து சேர்ப்பது எங்கள் வேலை. நான் பார்த்து அனுப்பிய துணி குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. கீழே அவன் முழங்கால் வரை ஈரத்தில் ஆவிக்குள் நிற்பான். கோட்டுத் துணிக்கு அடர்நீலம் போடும் வாரங்களில் அவன் நகக்கண்கள் நீலமாகவே இருக்கும். அந்த விரல்களோடுதான் சாயங்காலம் பேண்டு அறைக்குப் போவான்.

பாரிடோனில் யாரும் வெகுகாலம் தங்குவதில்லை. நாலைந்து வருடம் ஊதிவிட்டு யூஃபோனியத்துக்கு மாறிக்கொள்வார்கள். எங்கள் பேண்டின் முதல் யூஃபோனியம் டெனிஸ் சைக்ஸ். குள்ளமான ஆள், வாய் மட்டும் நீளம். அவனும் அர்னால்டும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"பாரிடோன்ங்கறது பஸ் ஸ்டாப்புடா. யூஃபோனியம் வந்ததும் ஏறிக்கணும். நீ என்னமோ அங்கயே குடித்தனம் பண்ணிட்டிருக்க" என்பான் டெனிஸ்.

"நான் நடந்து போறவன். நீ ஏறிக்கோ. டிரைவர் கண்ணுக்குத் தெரியற மாதிரி நில்லு, அது போதும்" என்பான் அர்னால்ட்.

தெருவில் யாராவது, "நீதானப்பா யூஃபோனியம் ஊதறது?" என்று கேட்டால் நின்று திருத்துவான். "இல்லைங்க, பாரிடோன்." "ரெண்டும் ஒண்ணுதானே?" "ஒண்ணு இல்லைங்க." கோபம் இருக்காது. தபால்காரரிடம் பக்கத்து வீட்டுக் கதவைக் காட்டுவது போலச் சொல்லிவிட்டு நடப்பான். கறிக்கடைக்காரருக்கு மட்டும் இதை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பான்.

1958இல் பேண்டின் நடத்துநர் மிஸ்டர் போமான்ட் அவனைப் பாரிடோனோடு இருக்க விடவில்லை. இரண்டாவது யூஃபோனியக்காரர் வேறு பேண்டுக்குப் போய்விட்டார். வட்டாரப் போட்டிக்கு ஒன்பது வாரம்தான் இருந்தது.

"எனக்கு இங்க சௌரியமா இருக்குங்க" என்றான் அர்னால்ட்.

"சௌரியமா இருக்கறதுக்கு இது என்ன உங்க வீட்டு அடுப்பங்கரையா? எந்திரி. தூக்கு அதை."

தூக்கினான். புதிதாகச் சேர்ந்து கற்றுக்கொண்டிருந்த ஒருவருக்கு அவனுடைய பாரிடோனைக் கொடுத்தார்கள். எங்கள் போட்டிகளில் நடுவர் மேடையைப் பார்க்கக் கூடாது. மண்டபத்தின் நடுவே, துணி போர்த்திய பெட்டி ஒன்றுக்குள் அவரைக் காலையிலேயே உட்கார வைத்து அடைத்துவிடுவார்கள். எந்த பேண்டு, யார் ஊதுகிறார்கள், ஒன்றும் அவருக்குத் தெரியாது. காதில் விழுவதைத் தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அன்று எங்களுக்குப் பரிசு இல்லை. நடுவர் எழுதிய தாளை போமான்ட் பஸ்ஸில் சத்தமாகப் படித்தார். நடுவர் யூஃபோனியங்களைப் பாராட்டியிருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி: 'பேண்டின் நடுவில் யாரோ இல்லை.'

போமான்ட் தாளை மடித்தார். அர்னால்டின் பக்கம் திரும்பினார்.

"பொட்டிக்குள்ள அடைச்சு வச்ச மனுசனுக்கு நீ இல்லாதது தெரிஞ்சிருக்கு. வெளிய நின்ன எனக்குத் தெரியல. செவ்வாக்கிழமை உன் நாற்காலில போய் உக்காரு" என்றார்.

அதற்குப் பிறகு அவனை யாரும் மாறச் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து அதே போட்டியில் ஜெயித்தார்கள். திங்கட்கிழமை காலை திருத்தும் அறை முழுக்க அதே பேச்சு. என் பக்கத்து மேசை ஃபிலிஸ் தலையை நிமிர்த்திக் கேட்டாள். "ஐவி, உன் தம்பி அதுல என்ன ஊதறான்?"

"யூஃபோனியம்" என்றேன்.

அந்த அறையில் இருந்த இருபத்தாறு பெண்களுக்கும் யூஃபோனியம் என்றால் என்னவென்று தெரியும். ஒவ்வொருவர் வீட்டிலும் ஓர் அப்பாவோ மாமாவோ பேண்டில் இருந்தார். பாரிடோன் என்று சொல்லியிருந்தால், "ஓ, அப்படியா" என்று ஊசிக்கு நூல் கோத்திருப்பாள். யூஃபோனியம் என்றதும், "ஏ, கேட்டீங்களாடி!" என்று கத்தினாள். என் முகம் சூடாகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். துணியில் ஒரு இழை விட்டுப்போனால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகாத நான், இதை அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த வெற்றிக்காக பக்கத்து நகரமான ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து புகைப்படக்காரர் வந்தார். வரிசையின் ஓரத்தில் உயரமான ஆளும் பெரிய கருவியும் இருந்தால்தான் படம் எடுப்பாக இருக்கும் என்றார். டெனிஸிடமிருந்து யூஃபோனியத்தை வாங்கி அர்னால்ட் கையில் கொடுத்தார். அர்னால்டின் பாரிடோன் டெனிஸ் மடிக்குப் போனது. படத்தில் டெனிஸ் யாரோ தன் தொப்பியைத் திருடிவிட்டது போல உட்கார்ந்திருப்பான். அர்னால்ட் முதுகு நிமிர்த்தி, பிறர் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவன் போல, கவனமாகப் பிடித்திருப்பான். அவனுடைய படங்களில் அதுதான் அழகானது. சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினேன். ஃபிலிஸ் தேநீருக்கு வந்தபோது அதன் முன்னால்தான் நாற்காலி போட்டேன்.

அவன் திருமணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருவான். முன்னறையில் அந்தப் படத்துக்கு நேர் எதிரே உட்காருவான். ஒரு நாளும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

சாயப் பட்டறை ஆவி அவன் நெஞ்சை எடுத்துக்கொண்டது. கடைசி வருடம் நான்கு தாளச் சுற்று தொடர்ந்து ஊத மூச்சு போதவில்லை. அப்படியும் செவ்வாய், வியாழன் தவறாமல் பேண்டு அறைக்குப் போனான். கருவியை மடியில் வைத்துக்கொண்டு, ஊதாமல், பாட்டு முழுவதற்கும் வால்வுகளை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பானாம். பக்கம் முடியும்போது சரியாகத் தாளைத் திருப்புவானாம். 1987 நவம்பரில், ஒரு புதன்கிழமை காலை, மருத்துவமனையில் இறந்தான். ஐம்பத்தெட்டு வயது.

கல் பேண்டின் செலவு என்று முடிவு செய்தார்கள். மண் இறுகுவதற்கு ஆறு மாதம் விட்டு, மே மாதத்தில் வரும் விட் ஞாயிறு என்ற கிறிஸ்தவத் திருநாள் அன்று நடுவது என்று தேதி குறித்தார்கள். கல்தச்சர் லம், கல்லின் தலைப்பகுதியில் அவன் கருவியைப் புடைப்பாகச் செதுக்கலாம் என்றார். பார்த்துச் செய்ய ஒரு படம் கேட்டார். நான் முன்னறைச் சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றி, பழுப்பு உறையில் போட்டு, அவர் கையில் கொடுத்தேன். எழுத்துகளை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன். பெயர், இரண்டு தேதிகள், 'ராய்ட்ஷா பேண்டு'. படத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அவனுடைய நல்ல படம் அது, அவ்வளவுதான் என் தலையில் இருந்தது.

விட் ஞாயிற்றுக்கு ஆறு நாள் இருக்கும்போது, எழுத்துகளைப் பார்க்க லம்மின் பட்டறைக்குப் போனேன். கல்லை மரக்கட்டைகள் மேல் மல்லாத்தி வைத்திருந்தார். வேலை நேர்த்தியானது. பழக்கத்தில் விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். குழலின் வளைவு, விரிந்த வாய், ஒன்று, இரண்டு, மூன்று வால்வுகள். பக்கவாட்டில் நான்காவது.

"நல்லா வந்திருக்கா, மிஸஸ் க்ரௌதர்? அஞ்சு நாளைக்கு முன்னாடியே முடிச்சிட்டேங்க" என்றார் லம்.

நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சாலைத் திருப்பம் வரை நடந்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. பேண்டில் உள்ள இருபத்தைந்து பேருக்கும் பார்த்ததும் தெரியும். ஆனால் கல்லறை முன்னால் நின்று அவர்கள் எதுவும் சொல்லமாட்டார்கள். தொப்பியைக் கழற்றி, நல்ல கல் என்பார்கள். தன் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரிடமும் திருத்திக்கொண்டிருந்தவன் தலைமாட்டில், அந்தத் தவறு கல்லாக நிற்கும். திருத்த அவன் இருக்கமாட்டான். இதை நினைத்ததும் திரும்பி டெனிஸ் வீட்டுக்கு நடந்தேன். பேண்டின் செயலாளரும் இப்போது அவன்தான்.

டெனிஸ் கொல்லையில் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படம், கல், திருத்தும் அறை, ஃபிலிஸ். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"அவனுக்குத் தெரியும், ஐவி" என்றான்.

"எது?"

"மில்லுல நீ யூஃபோனியம்னு சொல்லி வச்சது. ஒரு தடவை ஊர்வலம் முடிஞ்சு நின்னுட்டிருந்தோம். உங்க ரூம் பொண்ணுங்க நாலஞ்சு பேரு வந்து, 'யூஃபோனியம் பிரமாதம் அர்னால்ட்'னு சொன்னாளுங்க. தொப்பியத் தூக்கி, 'சந்தோஷம் கண்ணு'ன்னுட்டான். எனக்குப் பொறுக்கல. பிரமாதமா ஊதினவன் நானு! 'ஏன்டா, கறிக்கடைக்காரனப் போட்டு அந்தப் பாடு படுத்துற, இவளுங்கள ஏன் விட்டுட்ட?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'நம்ம ஐவி சொல்லியிருக்கா. விடு.' அவ்வளவுதான் சொன்னான்."

கவிழ்த்திருந்த வாளி மேல் உட்கார்ந்தேன். டெனிஸ் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, பார்க்காதது போல கையைக் கழுவினான்.

"எந்திரி கண்ணு. ரெண்டு கருவியையும் வண்டில ஏத்திக்கிட்டு அந்த ஆளுகிட்டப் போவோம்" என்றான்.

அர்னால்டின் பாரிடோன் பேண்டு அறை அலமாரியில் பூட்டியிருந்தது. அதையும் தன் யூஃபோனியத்தையும் டெனிஸ் லம்மின் பட்டறை மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான். லம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

டெனிஸ் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். "ஒண்ணு இல்லைங்க."

லம் வாதாடவில்லை. தடிமன் அளக்கும் காலிப்பரை எடுத்தார். யூஃபோனியத்தின் ஒவ்வொரு வளைவிலும் குழலைக் கவ்விப் பார்த்து, ஒரு பலகையில் பென்சிலால் குறித்தார். எண்கள் ஏறிக்கொண்டே போயின. பிறகு பாரிடோன். முதல் மூன்று இடங்களில் எண் மாறவே இல்லை. காலிப்பரை ஒருமுறை உதறிவிட்டு மறுபடி அளந்தார்.

"அட, இது தடிச்சுக்கிட்டே போகுது. இது போகல" என்றார்.

"அதைத்தான் அவன் முப்பத்தெட்டு வருசமா சொல்லிட்டிருந்தான்" என்றான் டெனிஸ்.

லம் கல்லின் பக்கம் குனிந்தார். பிறகு, "உங்களுக்கு ஒரு நல்ல காலம். நான் தடிசான குழலச் செதுக்கி வச்சிருக்கேன். கல்லுல எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது. இதுவே தலைகீழா இருந்திருந்தா கையை விரிச்சிருப்பேன். குழல ஒல்லியாக்கலாம், வாயக் குறுக்கலாம், நாலாவது வால்வ எடுத்திரலாம். சுத்தி இருக்கற தளத்த இன்னும் கொஞ்சம் பள்ளமாக்கணும்" என்றார்.

"அப்ப யூஃபோனியத்துல இருந்து பாரிடோன் எடுக்கலாம், பாரிடோன்ல இருந்து யூஃபோனியம் எடுக்க முடியாது. அர்னால்ட் இதக் கேட்டிருந்தா ஒரு வாரம் என் வீட்டு வாசல்ல நின்னு சிரிச்சிருப்பான்" என்றான் டெனிஸ்.

லம் சிரிக்கவில்லை. "முழுசும் கேட்டுக்கங்க. இது எங்க மலைக் கல்லு. அடுக்கடுக்கா இருக்கும். அந்த வால்வ எடுக்கறப்ப அடுக்கு பெயர்ந்துச்சுன்னா மேல்பாதியே தட்டுத்தட்டா வந்திரும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற கல்லு கிடையாது. பேண்டு வெறும் மண்ணுக்கு முன்னால நின்னுதான் ஊதணும். இப்படியே விட்டா அழகா இருக்கு. முடிவு உங்களுது, மிஸஸ் க்ரௌதர்."

"பேண்டுல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ சொல்லு, ஐவி" என்றான் டெனிஸ்.

"எடுங்க" என்றேன்.

வியாழக்கிழமை நான்காவது வால்வை எடுத்தார். நான் போய் நின்றேன். கொட்டாப்புளியை ஓரம் வைத்துவிட்டு, மெல்லிய உளியைக் கையாலேயே தள்ளித் தள்ளி, பொடியாக எடுத்தார். ஒரு தடவை உளி முனையில் ஏதோ சொடுக்கென்றது. அவர் கை நின்றுவிட்டது. குனிந்து வாயால் ஊதிப் பார்த்தார். மயிரிழை போல ஒரு கீறல், வால்வோடு நின்றிருந்தது, தளத்துக்குள் போகவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் அதற்குப் பிறகு உட்கார்ந்துகொண்டேன். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்தது. அர்னால்டின் பாரிடோனைக் கல்லுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, மூன்று பேரும் வளைவு வளைவாக ஒத்துப் பார்த்தோம். சுற்றிலும் தளம் சற்றுக் கூடுதலாக இறங்கியிருந்ததால் முன்பைவிடக் கருவி தெளிவாக எழும்பி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை தூறல். கல்லை நட்டார்கள். பேண்டு ஒரு துதிப்பாட்டை ஊதியது. அவன் நாற்காலி கல்லறைக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. அவன் பாகத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டாம் வரியில் எல்லாக் குரல்களும் இருந்தும் எங்கோ ஒரு மெலிந்த இடம் கேட்டது. எனக்கு இசை படிக்கத் தெரியாது. ஆனால் அது எந்த இடம் என்று தெரிந்தது.

பிறகு சர்ச் கூடத்தில் பன்றித் தொடைக் கறியும் ரொட்டியும் தேநீரும். ஃபிலிஸ் கைத்தடியை ஊன்றி வந்து என் எதிரே உட்கார்ந்தாள். திருத்தும் அறையிலிருந்து இன்னும் ஐந்து பேர் வந்திருந்தார்கள்.

"கல்லு ரொம்ப அழகு, ஐவி. அந்த யூஃபோனியம் அப்படியே தத்ரூபமா இருக்கு" என்றாள்.

"அது பாரிடோன், ஃபிலிஸ்."

"என்னது?"

"பாரிடோன். அவன் ஊதினது அதுதான். எப்பவும் அதுதான்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். மற்ற பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "நீதானே யூஃபோனியம்னு சொன்ன? இருபத்தேழு வருசமா அதைத்தானே சொல்லிட்டிருந்த?"

"ஆமா. பொய் சொன்னேன். பெருமைக்குச் சொன்னேன். அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்க முன்னாடி என்னை விட்டுக்கொடுக்கல."

அடுத்த மேசையில் டெனிஸ் ரொட்டியைப் பிட்டபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபிலிஸ் தேநீர்க் கூஜாவை எடுத்து முதலில் என் கோப்பையை நிரப்பினாள், பிறகு தன்னுடையதை.

"சரி, எனக்கு இப்ப சொல்லு. அதுக்கும் இதுக்கும் என்னடி வித்தியாசம்?"

குழலிலிருந்து தொடங்கினேன்.